ஆல்பியின் செங்கல் பேராலயம்: வெளிச்சுவரிலிருந்து தொடங்கிப் பார்க்கும் முறை

தெற்குப் பிரான்சில் துலூஸ் நகரத்திலிருந்து ரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆல்பி வந்துவிடும். தார்ன் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தின் புனித செசிலியா பேராலயத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலையில் வந்து இறங்கி, நடுக்கூடத்தில் அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்து, நான்கு படம் எடுத்துக்கொண்டு மதிய ரயிலில் திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் அழகான ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அந்தக் கட்டடம் எதைச் சொல்ல எழுப்பப்பட்டதோ அதைக் கேட்காமல் போகிறார்கள். வெளிச்சுவரில் அதட்டலாகத் தொடங்கும் பேச்சு, உள்ளே மேற்குச் சுவரில் எச்சரிக்கையாகி, தலைக்கு மேலே விதானத்தில் வாக்குறுதியாக முடிகிறது. இந்த வரிசை கலையாமல் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அதற்குக் குறைவாக நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

ஆல்பி வில் ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். தெருக்களின் திருப்பத்தில் கூரைகளுக்கு மேலே 78 மீட்டர் உயரமுள்ள மணிக்கோபுரம் தென்படத் தொடங்கியதும் நேராக வாசலைத் தேடிப் போகாமல், முதலில் கட்டடத்தை வெளியே ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். கோவிலுக்குள் நுழையும் முன் மதிலைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்லவே. ஆனால் இங்கே மதில் வேறு, கோவில் வேறு என்றில்லை. கோவிலே மதிலாக நிற்கிறது.

அந்தச் சுவர் ஏன் அப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பகுதியில் கத்தாரியர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவப் பிரிவினர் பலர் இருந்தார்கள். பொருளுலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பிய அவர்கள், உரோமைத் திருச்சபையின் அருட்சாதனங்கள் என்னும் சடங்குகளையும் குருக்களின் அதிகாரத்தையும் ஏற்க மறுத்தார்கள். அவர்களை ஒழிக்கத் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் விடுத்த அழைப்பால் 1209இல் தொடங்கி 1229 வரை நடந்த போருக்கு, இந்த ஊரின் பெயரை வைத்தே ஆல்பிஜென்சிய சிலுவைப்போர் என்று பெயர் வந்தது. போர் முடிந்த பின்னும், திருச்சபைக்கு மாறான நம்பிக்கை கொண்டவர்களைத் தேடித் தண்டிக்கும் சமய விசாரணை மன்றங்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து இயங்கின. 1276இல் ஆல்பியின் ஆயராகப் (பிஷப்பாகப்) பொறுப்பேற்ற பெர்னார் த காஸ்தானே, அந்த விசாரணைகளில் முன்னின்ற மனிதர். 1282இல் இந்தப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. 1299, 1300 ஆண்டுகளில் அவர் நடத்திய விசாரணைகளில் நகரத்தின் செல்வாக்குள்ள குடிமக்கள் பலர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த விசாரணைகளின் கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்த பெர்னார் தெலிசியே என்ற பிரான்சிஸ்கன் துறவி பின்னாளில் தாமே தண்டனை பெற்று 1320 வாக்கில் இறந்துபோனார். ஆகவே ஆயருக்கும் ஊருக்கும் இடையே அச்சமும் வெறுப்பும் இருந்த காலத்தில், எங்கோ இருந்து வரும் படையைவிடக் கீழே தெருவில் நடந்துபோகும் ஊர்க்காரரை மனத்தில் வைத்து எழுப்பப்பட்ட சுவர் இது என்று நான் நினைக்கிறேன். திருச்சபை இங்கேதான் இருக்கும், அசையாது என்ற செய்தியை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதில் வாசித்திருப்பார்.

இப்போது சுவரருகே போய் நில்லுங்கள். அடிப்பகுதி கோட்டைச் சுவர்களைப் போலவே வெளிப்புறமாகச் சரிந்து விரிந்திருக்கும். அங்கே அதன் கனம் சுமார் இரண்டரை மீட்டர். வடக்குப் பிரான்சில் கோதிக் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியில் எழுந்த பேராலயங்களில் விதானத்தின் பாரத்தை வெளியே நின்று தாங்கும் வளைவான கல் முட்டுகளை நீங்கள் படங்களில் பார்த்திருக்கக்கூடும். இங்கே அவை ஒன்றுகூட இல்லை. அவற்றுக்குப் பதிலாக, பாதி உருளை வடிவத்தில் சுவரோடு ஒட்டிய தாங்கிகள், காவல் கோபுரங்களைப் போல வரிசையாகத் தரையிலிருந்து உச்சிவரை ஏறுகின்றன. அவற்றுக்கு நடுவே சன்னல்கள் ஒடுங்கி, மிக உயரத்தில் இருக்கின்றன. தரை மட்டத்தில் ஆள் நுழையக்கூடிய திறப்பே கிடையாது. மேற்குப் பக்கம் வந்தால், மற்றப் பேராலயங்களில் பெரிய வாசலும் வட்ட வண்ணச் சன்னலும் இருக்க வேண்டிய இடத்தில், கோட்டைக் கொத்தளம் போன்ற கோபுரத்தின் அடிச்சுவர் மட்டுமே உங்களை எதிர்கொள்ளும்.

செங்கல்லைக் கையால் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ச் செங்கல்லைவிடப் பரப்பில் பெரிது, கனத்தில் மெல்லியது. இடையே தடிமனான சுண்ணாம்புச் சாந்து. அருகிலேயே களிமண் கிடைத்ததாலும், கல்லை வெட்டிக் கொண்டுவருவதைவிட அதைச் சுடுவது மலிவு என்பதாலும் முழுக் கட்டடமும் செங்கல்லால் எழுந்தது. நீளம் 113 மீட்டர், அகலம் 35 மீட்டர். உலகின் மிகப் பெரிய செங்கல் பேராலயம் என்று இதைச் சொல்வார்கள். கட்டி முடிக்க இரண்டு நூற்றாண்டுகள் ஆயின, திருநிலைப்படுத்தப்பட்டது 1480இல். பிறகு சுவரின் உச்சியை நிமிர்ந்து பாருங்கள். கடைசி ஏழு மீட்டர் அளவுக்குச் செங்கல்லின் நிறம் சற்று வெளுத்துத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் செசார் தாலி என்ற கட்டடக் கலைஞர் கூரையைச் சீரமைத்தபோது உயர்த்திக் கட்டிய பகுதி அது. அவர் சிறு கோபுரங்களும் சேர்த்தார், அவை பிற்காலத்தில் அகற்றப்பட்டன. அந்த வெளிறிய பட்டையை மனத்தால் கழித்துவிட்டுப் பார்த்தால், இடைக்காலத்து ஆல்பி மக்கள் பார்த்த இன்னும் குட்டையான, இன்னும் முரட்டுத்தனமான கட்டடம் தெரியும். இந்தச் சுற்றுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே போகும் ஒரே வழி தெற்குப் பக்கம். 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயராக இருந்த தொமினிக் த ஃப்ளோரான்ஸ் கட்டிய வாயிலைக் கடந்து படிகளில் ஏற வேண்டும். வாயிலுக்குப் பக்கத்திலேயே பழைய அரணின் உருண்டைக் கோபுரம் நிற்கிறது. படிகள் முடியும் இடத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட வெண்கல் முகமண்டபம் சரிகை பின்னியதுபோல நிற்கும். சிவந்த வெறும் சுவரையே இவ்வளவு நேரம் பார்த்து வந்த கண்ணுக்கு அந்த வெண்மை திடுக்கிட வைக்கும். வெளியே சுற்றாமல் நேராக இங்கே வந்தவர்களுக்கு அந்தத் திடுக்கிடல் கிடைக்காது.

உள்ளே நுழைந்ததும் எதையும் குறிவைத்துப் பார்க்காமல் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். பழகியதும் முதலில் உறைப்பது தூண்களே இல்லாத வெளி. சுமார் 19 மீட்டர் அகலமும் 30 மீட்டர் உயரமும் கொண்ட ஒரே கூடம். வெளியே உருளைகளாகத் தெரிந்த தாங்கிகளின் எஞ்சிய பகுதி உள்ளே சுவர்களாக நீண்டு, அவற்றின் இடைவெளிகள் சிற்றாலயங்களாகியிருக்கின்றன. தெற்குப் பிரான்சின் கோதிக் பாணிக்கு உரிய இந்த அமைப்பு மறையுரைக்கு ஏற்றது. யாருடைய பார்வையையும் தூண் மறைக்காது, உரையாற்றுபவரின் குரல் எல்லாரையும் எட்டும். கத்தாரியரின் நம்பிக்கையைத் திருச்சபை வாளால் மட்டுமல்ல, மறையுரையாலும் எதிர்த்தது என்பதை இந்தக் கூடம் நினைவூட்டுகிறது. (துலூஸில் ஒருநாள் கூடுதலாக இருக்க முடிந்தால், தொமினிக்கன் துறவிகளின் ஜாகொபன் ஆலயத்தையும் பாருங்கள். அதுவும் செங்கல்லே; ஒரே தூணிலிருந்து பனையோலை போல விரியும் விதானம் அங்கே இருக்கிறது.)

அடுத்து மேற்குச் சுவருக்கு வாருங்கள். உங்கள் நாளில் மிக அதிகமான நேரத்தை இங்கே செலவிட வேண்டும்.

கோபுரத்தைத் தாங்கும் இரண்டு பிரம்மாண்டமான உருண்டைத் தூண்களின் மேல், ஆயர் முதலாம் லூயி த அம்புவாஸின் காலத்தில், 1474க்கும் 1484க்கும் இடையே தீட்டப்பட்டதாகக் கருதப்படும் இறுதித் தீர்ப்பு ஓவியம் படர்ந்திருக்கிறது. தீட்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வடக்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ஓவிய மரபு இதில் தெரிகிறது என்பார்கள். மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சியில் வானதூதர்கள், அவர்களுக்குக் கீழே வெண்ணாடையில் திருத்தூதர்கள், புனிதர்களின் வரிசைகள், அதற்கும் கீழே கல்லறைகளிலிருந்து எழுகிற மனிதர்கள், அடியில் நரகம். எழுந்து வருகிறவர்களை நெருங்கிப் போய்ப் பாருங்கள். ஆடையில்லாத அந்த உடல்கள் ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு புத்தகம் திறந்தபடி தொங்குகிறது. அவரவர் வாழ்வின் கணக்கு அந்த ஏட்டில் இருக்கிறது. மறைக்கவோ மூடவோ வழியில்லை. இடப்பக்கம் இருப்பவர்கள் கைகூப்பி ஒழுங்காக நிற்க, வலப்பக்கம் இருப்பவர்கள் தடுமாறி விழுந்துகொண்டிருக்கிறார்கள். தூண் உருண்டையாக இருப்பதால் நீங்கள் ஓர் அடி நகர்ந்தாலும் ஓர் உருவம் மறைந்து இன்னோர் உருவம் வெளிவரும். அதனால் ஒரே இடத்தில் நின்று பார்க்காமல் மெதுவாக இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள்.

நரகப் பகுதி தலையான ஏழு பாவங்களின்படி கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் பழைய பிரெஞ்சில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ‘ஆங்காரம், காய்மகாரம், கோபம்’ என்று ஒப்பித்தவர்களுக்கு இந்தச் சுவர் அந்நியமாக இராது. ஆங்காரம் கொண்டவர்கள் சக்கரங்களில் கட்டப்பட்டுச் சுழல்கிறார்கள். காய்மகாரம் (பொறாமை) கொண்டவர்கள் உறைபனி ஆற்றில் மூழ்கியிருக்கிறார்கள். கோபக்காரர்களைக் கசாப்பு மேசையில் கிடத்தி வெட்டுகிறார்கள். அதற்கு அடுத்து ஓர் இடைவெளி. பிறகு உலோபிகள் கொதிக்கும் உலோகக் கொப்பரையிலும், போசனப்பிரியர்கள் தேரையும் பாம்பும் படைக்கப்பட்ட விருந்திலும், மோகத்துக்கு ஆளானவர்கள் நெருப்பும் கந்தகமும் நிறைந்த கிணறுகளிலும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறுதான் வரும், சோம்பலைக் காணோம்.

அந்த இடைவெளிக்குக் காரணம் ஒரு கதவு. 1693இல் பேராயர் லெ கூ த லா பெர்ஷேர், கோபுரத்தின் அடியில் ஒரு சிற்றாலயம் அமைக்க விரும்பி, இரண்டு தூண்களுக்கும் நடுவிலிருந்த சுவரை உடைத்தார். சோம்பலின் கட்டம் அதோடு போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, மேலே அமர்ந்து தீர்ப்பு வழங்கிய கிறிஸ்துவின் உருவமும் போயிற்று. நடுவர் இல்லாத தீர்ப்பை இன்று நாம் பார்க்கிறோம். எல்லா முகங்களும் ஓர் இடத்தை நோக்கியிருக்க, அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. வழிகாட்டிகள் பலர் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் நடுக்கோட்டில் நின்று, அந்த உருவம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், மற்றவை எல்லாம் அதற்கு எப்படிக் கட்டுப்பட்டிருக்கும் என்று மனத்தில் வரைந்து பாருங்கள். இப்படி மனத்தால் நிரப்பினால்தான் ஓவியத்தின் முழு அமைப்பும் பிடிபடும். ஓவியத்துக்கு நேர் மேலே இருப்பது 1736இல் கிறிஸ்தோஃப் மூஷ்ரெல் செய்து முடித்த ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவி. செசிலியா இசையின் பாதுகாவலி ஆதலால் இந்த ஆலயத்தில் அந்தக் கருவிக்குத் தனி மதிப்பு உண்டு. கோடையில் இங்கே கச்சேரிகள் நடக்கும். உங்கள் பயணம் அந்த மாதங்களில் அமைந்தால் தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விதானத்தைப் பார்க்கக் கழுத்தை நம்ப வேண்டாம், ஒரு சிறு தொலைநோக்கியைக் கொண்டுவாருங்கள். இரண்டாம் லூயி த அம்புவாஸ் ஆயராக இருந்தபோது, 1509 முதல் 1512 வரை, பொலோனியா பகுதியிலிருந்து வந்த இத்தாலிய ஓவியர்கள் ஆழ்ந்த நீலமும் பொன்னும் கொண்டு 97 மீட்டர் நீளத்துக்கு இதைத் தீட்டினார்கள். கீழே நரகத்தை வரைந்தவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே முப்பது ஆண்டுகள்கூட இல்லை, ஆனால் கை முழுக்க வேறு. அங்கே ஒவ்வோர் உடலும் தண்டனையால் முறுக்கிக்கொண்டிருக்க, இங்கே மறுமலர்ச்சிக் காலத்துக் கொடிச் சித்திரங்களின் நடுவே புனிதர்கள் நிதானமாக அமர்ந்திருக்கிறார்கள். செசிலியாவும் அவருடைய கணவர் வலேரியனும் அவர்களிடையே இருக்கிறார்கள், தேடிக் கண்டுபிடியுங்கள். ஐந்நூறு ஆண்டுகளாகப் பெரிய மறுபூச்சு எதுவும் இல்லாமலேயே அந்த நீலம் இப்படி நிற்கிறது.

இதுவரை பார்த்ததற்குக் கட்டணம் இல்லை. கூடத்தின் நடுவே குறுக்காக நிற்கும் கல் தடுப்புக்கு அப்பால் போகச் சீட்டு வாங்க வேண்டும். பணம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று தயங்கித் திரும்பிவிடாதீர்கள். ஜூபே என்று பிரெஞ்சில் சொல்லப்படும் இந்தத் தடுப்பு, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மென்மையான சுண்ணக்கல்லில் செதுக்கப்பட்டது. இது உண்மையிலேயே கல்தானா, இல்லை சுதையா என்று ஐயப்பட்ட, 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் முதன்மை அமைச்சராக இருந்த கர்தினால் ரிஷெல்யூ ஏணியில் ஏறிச் சுரண்டிப் பார்த்தாராம். ஊரார் சொல்லும் கதை அது, ஆனால் நேரில் பார்க்கும் எவருக்கும் அந்த ஐயம் வரும். பிரெஞ்சுப் புரட்சியின்போது இதன் முகப்பிலிருந்த சிலைகள் பெரும்பாலும் அழிந்துபோயின; ஆதாமும் ஏவாளும் மரியாளும் யோவானும் தப்பினார்கள். தடுப்பையே இடிக்கும் பேச்சு எழுந்தபோது, மரியெஸ் என்ற பொறியாளர் பாரிசுக்கு எழுதித் தடுத்து நிறுத்தினார். ஒரு மனிதரின் ஒரு கடிதத்தால் நமக்குக் கிடைத்த பொருள் என்ற நினைப்போடு இதன் கீழே நடந்து போங்கள்.

உள்ளே குருக்களின் அரங்கைச் சுற்றி ஒரு கல் அடைப்பு; அதற்கும் வெளிச்சுவருக்கும் இடையே பிராகாரம் போன்ற ஒரு நடைபாதை. முதலில் நடைபாதையில் சுற்றுங்கள். அடைப்பின் வெளிமுகத்தில் பழைய ஏற்பாட்டு மாந்தர் நிற்கிறார்கள்: எரேமியா, எசாயா, எஸ்தர். மீட்பரை எதிர்பார்த்திருந்தவர்கள் வெளியே. அவரைக் கண்ட திருத்தூதர்கள் அடைப்பின் உள்ளே. சிலைகளை நிறுத்திய இடத்திலேயே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். யூதித்தின் முன் மட்டுமாவது ஐந்து நிமிடம் நில்லுங்கள். பகைத் தளபதியின் தலையைக் கொய்த அந்தப் பெண்ணைச் சிற்பி 15ஆம் நூற்றாண்டுச் சீமாட்டியாக உடுத்தியிருக்கிறார். கனத்த துணியின் மடிப்புகள் தரைநோக்கி இறங்கும் பாரம் கல்லில் தெரிகிறது. நிறம் இன்னும் மிச்சமிருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்னிருந்து தெரியாத ஆழம் அந்த மடிப்புகளில் தெரியும். பிறகு அரங்கின் உள்ளே போய், சுமார் 120 மர இருக்கைகளையும், அவற்றுக்கு மேலே வரிசையாக நிற்கும் சிறு வானதூதர்களையும், வாயில்களின் மேலே நிற்கும் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனையும் சார்லமேனையும் பாருங்கள்.

சில நடைமுறைச் செய்திகள். இது வழிபாடு நடக்கும் ஆலயம். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். எனவே ஞாயிறு காலையைத் தவிருங்கள், அல்லது வழிபாட்டுக்கென்றே வாருங்கள். பலிபீடம் இறுதித் தீர்ப்பின் முன்னால் இருப்பதால், அந்த ஓவியத்தைப் பார்த்தபடி திருப்பலியில் அமர்வது வேறெங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம். தொப்பியைக் கழற்றுங்கள், தோளை மூடுங்கள், படமெடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சுவரின் கனத்தால் கோடையிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், மெல்லிய சால்வை ஒன்று உதவும். ஒலிவழிகாட்டி தமிழில் இல்லை. விவிலியக் கதைகள் பரிச்சயமில்லாதவர்கள் யூதித்து, எஸ்தர் கதைகளை மட்டுமாவது ரயிலில் வரும்போது படித்துவிட்டு வந்தால் சிலைகள் பேசத் தொடங்கும்.

பிற்பகலில் பக்கத்திலேயே இருக்கும் பெர்பி மாளிகைக்குப் போகலாம். முன்பு ஆயர்களின் இருப்பிடமாக இருந்த அதுவும் ஒரு கோட்டையே. பேராலயத்தோடும் பழைய பாலத்தோடும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1864இல் இதே ஊரில் பிறந்த ஓவியர் துலூஸ் லொத்ரெக்கின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருக்கின்றன. ஆனால் பேராலயத்தைப் பார்த்த கண் களைத்திருக்கும். அருங்காட்சியகத்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்திருக்கும் அதன் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பதையே நான் விரும்புவேன்.

பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் பழைய பாலத்தைக் கடந்து தார்ன் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போங்கள். காலையில் பக்கத்தில் நின்று பார்த்த சுவர் அங்கிருந்து முழுதாகத் தெரியும். வெயில் சாயச் சாய இளஞ்சிவப்பு காவியாகும், காவி கருஞ்சிவப்பாகும். செசார் தாலி உயர்த்திக் கட்டிய வெளிறிய பட்டை மட்டும் கடைசிவரை தனியாகத் தெரிந்து, பிறகு அதுவும் மற்றவற்றோடு கலந்துவிடும். அதுவரை இருந்து பார்க்க வேண்டுமானால், துலூஸுக்குத் திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் நிலையத்திலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.